ஒப்புதலுக்கு முன்

மந்துர்ரியாவ், இலோய்லோ நகரம்
ஜனவரி 15

அன்புள்ள மனாங்,

சிஸ்டர் அமாதா என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆறு வருடம் ஆகியும் கைக்கு வரவில்லை. அம்மாவை நானாய், அக்காவை மனாங் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், நீ தங்கையை இந்தாய் என்கிற மாதிரி. உங்கள் மடத்தின் தலைவி மதர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் கிடைத்ததா? நான் நலம். ஊரில் நானாயும் நலம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அதே தண்ணீரில் கருவாட்டையும் விழுங்குகிற நலம்.

எனக்கு வேலையை மாற்றிவிட்டார்கள், ஆனால் நாற்காலி நீ உட்கார்ந்திருந்த அதே நாற்காலிதான். பெர்த்தில் இருக்கும் பிளம்பர் கம்பெனி நினைவிருக்கிறதா? அவர்கள் அனுப்பும் நேரத் தாள்களைப் பார்த்து வெள்ளிக்கிழமை முழுக்கக் கணக்கு மென்பொருளில் தட்டிக்கொண்டிருப்பாயே, அதெல்லாம் போயிற்று. இப்போது பிளம்பர் வேலையைத் தொடங்கும்போது கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறான், முடிந்ததும் மறுபடி அழுத்துகிறான். நேரப் பதிவு மென்பொருள் அதைக் குறித்துக்கொண்டு கணக்கு மென்பொருளுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே போனதும் அது வீட்டுக்காரருக்குப் பில்லாகவும் பிளம்பருக்குச் சம்பளமாகவும் மாறிவிடும். ஆட்களின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் கணக்குப் பக்கத்திலிருந்து வரும், நேரம் இந்தப் பக்கத்திலிருந்து போகும். இரண்டுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற மாதிரிதான்.

அதே மென்பொருள் எங்கள் தலையிலும் ஏறியிருக்கிறது. ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் திரையில் வந்து ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கிறது. ஆமாம் என்று அழுத்த வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்தால் அது கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.

நானாய் குட்டிப் பன்றி ஒன்று வாங்கியிருக்கிறார், ஆயுள் முழுக்கக் கன்னியாஸ்திரி என்று நீ கொடுக்கப்போகிற நிரந்தர வார்த்தைப்பாட்டின் விருந்துக்காக. ஆகஸ்ட் பதினொன்றுக்குள் முழுசாகச் சுடுகிற அளவுக்கு வளர்ந்துவிடுமாம். அன்று மழை பெய்யக்கூடாது என்று மடத்துக்கு முட்டையும் கொண்டுவரப் போகிறார். கல்யாணத்தன்று மழை வேண்டாம் என்று முட்டை கொண்டுவருகிறவர்களோடு அவரும் வரிசையில் நிற்பார், நீ சிரிக்காதே.

உன் தங்கை,
ஜினலின்


மடம்
பிப்ரவரி 2

அன்புள்ள இந்தாய்,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. தைலம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தெருமுனைக் கடையின் பச்சோய் நூடுல்ஸ் சூப்பை மட்டும் குடித்துக்கொண்டு காலம் தள்ளாதே.

இங்கே கல்யாண மாதங்கள். முட்டை குவிந்துகிடக்கிறது. சமையலறையில் இருக்கும் சிஸ்டர் பதினாறு விதமாகச் செய்துபார்த்துவிட்டார், எல்லாம் முட்டையாகவே இருக்கிறது.

உன் கடிதத்தை மதர் வழக்கம்போல முதலில் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். நன்றாக எழுதுகிறாய் என்றார். எனக்கும் அந்த மென்பொருள் விஷயம் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வேலை அல்லவா. ஒன்று கேட்கிறேன். பிளம்பர் பதிந்த நேரத்துக்கு மேற்பார்வையாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார், அது கணக்குப் பக்கமும் போய்விட்டது என்று வை. அதற்குப் பிறகு அந்த நேரம் தவறு என்று அவனுக்கே தெரிகிறது. திரும்ப எடுக்க முடியுமா?

சும்மாதான் கேட்கிறேன். இருபத்திரண்டாம் தேதி திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கடிதம் எழுதவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம், தெரியுமே. அதற்குள் பதில் எழுதினால் நல்லது.

நானாயை முட்டைக்காக அலையவேண்டாம் என்று சொல்.

ஜெபத்துடன்,
சிஸ்டர் அமாதா


மந்துர்ரியாவ்
பிப்ரவரி 14

அன்புள்ள மனாங்,

நலமே. நீயும் நலமென நம்புகிறேன். இன்று காதலர் தினமாம். அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் பூ, என் மேசையில் பெர்த்திலிருந்து வந்த புகார்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. ஒப்புதல் ஆனதும் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று விழும். கணக்குப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பில் உண்டாகிவிடும். அப்புறம் பிளம்பர் அழுதாலும் சரி, நான் அழுதாலும் சரி. இந்தப் பக்கம் நின்றுகொண்டு எதையும் தொட முடியாது. முதலிலேயே யோசித்து அழுத்தியிருக்க வேண்டும்.

சலித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. சலிப்புத்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து இதற்குள் வந்து விழுகிறேன்.

முட்டை பற்றிச் சொன்னேன். ‘அவளுக்கென்ன தெரியும், உள்ளயே இருக்கா’ என்று சொல்லிவிட்டார். நம் ஊர் திக்பாவானில் உன்னைப் பற்றி அறியாதவர் இப்போது யாருமில்லை. நம் பாரங்காய் கிராமத்திலிருந்து நிரந்தரமாக மடத்தில் சேர்கிற முதல் பெண் நீதானாம். சந்தையில் மீன்காரி நானாயிடம் பேரமே பேசுவதில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு எழுது.

ஜினலின்


மடம்
மார்ச் 19

அன்புள்ள இந்தாய்,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. உடம்பு நலம்தான்.

ஒப்புதலுக்கு முன் என்றால்?

சிஸ்டர் அமாதா


மந்துர்ரியாவ்
ஏப்ரல் 12

அன்புள்ள மனாங்,

ஈஸ்டர் வாழ்த்துகள். உன் கடிதம் தவக்காலத்தின் நடுவில் எப்படி வந்தது? உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மடத்து முத்திரைதான். அதுவும் ஒரே வரி. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உடனே எழுதாததற்குக் காரணம் தவக்காலம் மட்டுமல்ல. நான் ஒரு பெரிய கூத்தடித்துவிட்டேன். கேள், சிரிப்பாய்.

இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் இணைப்பு அறுந்துபோயிற்று. மறுபடி இணைக்கும்போது எந்தத் தேதியிலிருந்து நேரத்தை அனுப்ப வேண்டும் என்று கேட்டது. ஏப்ரல் 3 என்று நினைத்து நம் வழக்கப்படி மாதத்தை முதலில் போட்டு 04/03 என்று தட்டினேன். அவர்கள் ஆஸ்திரேலியர்கள் அல்லவா, அவர்களுக்கு நாள்தான் முதலில். அது மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே போன மார்ச் மாத நேரம் எல்லாம் இரண்டாம் முறை போய் விழுந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பில். குழாய் ஒழுகியதற்கு ஒரு கிழவி இரண்டு முறை பணம் கட்டவேண்டுமாம். போனில் அவர் பேசியதை மடத்துக்கு எழுத முடியாது.

முதலில் இந்தப் பக்கம் நேரத்தை அழிக்கப் பார்த்தேன். பூட்டு. எங்கள் குழுத் தலைவர் நோனோய் வந்து தலையில் அடித்துக்கொண்டார்: “ஏம்மா, இங்க நின்னு இழுத்தா வருமா? அந்தப் பக்கம் பில்ல அழி மொதல்ல. அங்க பிடிய விட்டாத்தான் இங்க பூட்டு தொறக்கும்.”

அப்படியே செய்தேன். கணக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அழித்தேன். இங்கே பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆகவே உனக்குப் போன தடவை எழுதியது தப்பு. ஒப்புதலுக்குப் பிறகும் முடியும். பாடுதான், ஆனால் முடியும். தொடங்க வேண்டியது எதிர்ப்பக்கம்.

ஒப்புதலுக்கு முன் என்றால் தொல்லையே இல்லை. பதிந்தவரே எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

பன்றி நன்றாக வளர்கிறது. நானாய் அதற்குப் பெயர் வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

ஜினலின்


மடம்
ஏப்ரல் 30

அன்புள்ள இந்தாய்,

கிறிஸ்து உயிர்த்த மகிழ்ச்சி உனக்கும் நானாய்க்கும். சிரித்தேன். ஜெபப் பாடல் வரிசையில் நின்றுகொண்டு அந்தக் கிழவியை நினைத்துச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

இன்னொரு சந்தேகம். பெர்த் கம்பெனியைப் பற்றி அல்ல, பொதுவாக. ஒருத்தி ஒரே வேலையில் ஆறு வருடம் நேரம் பதிகிறாள். ஏமாற்றவில்லை. மணி அடித்ததும் எழுந்தாள், பாடச் சொன்னபோது பாடினாள், முதலில் எல்லாம் முழு மனதோடுதான். கொஞ்ச காலமாக நேரம் மட்டும் பதிவாகிக்கொண்டிருக்கிறது, உள்ளே வேலை நடக்கவில்லை. பிறர் பார்த்தால் தெரியாது. அவளுக்குத் தெரிகிறது. திரும்பி வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை.

கடைசி ஒப்புதல் இன்னும் ஆகவில்லை. நீ சொல்கிறபடி பார்த்தால் அவளே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் பக்கம் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் இப்போதே ஊர் முழுக்கப் பில் அனுப்பிவிட்டது. பன்றிகூட வாங்கி வளர்க்கிறது. அப்படியென்றால் அவள் எங்கிருந்து தொடங்குவது?

நீ நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் நலம் என்கிறாய்.

சிஸ்டர் அமாதா


மந்துர்ரியாவ்
மே 14

மனாங்,

பன்றி என்ற இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன். மேசையில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருந்தேன். திரை ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்டது. அழுத்தவில்லை. மறுபடி கேட்டது. அப்போதும் அழுத்தவில்லை. என் நேரத்தை நிறுத்திவிட்டு அது போய்விட்டது.

முதலில் வந்தது கோபம். மறைக்க மாட்டேன். நீ மடத்துக்குப் போன மாதம் நான் மியாகாவ் கல்லூரியில் மீன்வளம் படித்துக்கொண்டிருந்தேன். நானாய்க்கு யாராவது சம்பாதிக்க வேண்டும் என்று நீ எழுந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அக்காவைக் கடவுள் கூப்பிட்டார், என்னை நோனோய் கூப்பிட்டார். போகட்டும், ஒருத்தியாவது விரும்பிய இடத்தில் இருக்கிறாள் என்று ஆறு வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதுவும் இல்லையென்கிறாய். அப்படியென்றால் நான் எதற்காக உட்கார்ந்தேன்?

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு வரி. நான் அதற்குள் பிளம்பரைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. முடியாது, முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று உனக்கு எழுதியவளும் நான்தானே. அதைப் படித்துவிட்டு நீ அந்தத் தவக்காலத்தை எப்படிக் கழித்தாய்?

எதிர்ப்பக்கம் நானாய்தான். நான் ஊருக்குப் போகிறேன். மதர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். படிக்கட்டும்.

ஜினலின்


திக்பாவான்
ஜூன் 5

அன்புள்ள மனாங்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதத்தை உன்னிடம் கொடுத்தார்களா என்றும் தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நானாய் பன்றிக் கொட்டகையில் இருந்தார். வாளியைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

“நானாய், மனாங்குக்கு அங்க மனசு ஒட்டலே.”

“யாருக்குத்தான் எங்க ஒட்டுது? எனக்கு உங்கப்பாவோட ஒட்டிச்சாக்கும்? இருந்தேன்ல?”

“அவ ஆகஸ்ட்ல வார்த்தைப்பாடு கொடுக்க மாட்டா போல.”

“அவ சொன்னாளா?”

“கேட்டா.”

“என்னன்னு கேட்டா?”

“பிளம்பர் கணக்குல பதிஞ்சத திரும்ப எடுக்கலாமான்னு.”

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டு, பில், எதிர்ப்பக்கம். பாதி கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. வாளியைக் காலால் எட்டி உதைத்தார்.

“ஜீப்புக்குச் சொல்லியாச்சு. பாதர்கிட்ட சொல்லியாச்சு. ஊர்த் தலைவர் கேப்டன் பொண்டாட்டி புதுச் சட்டை தச்சுட்டா. நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன்? ஏன், எங்கிட்ட நேரா எழுதினா கை முறிஞ்சிடுமா அவளுக்கு?”

“உங்ககிட்ட யாரு நேராப் பேச முடியுது?” என்று கேட்டுவிட்டேன்.

அதோடு சரி. நான்கு நாளாக என்னோடு பேச்சு இல்லை. பன்றியோடு மட்டும் பேசுகிறார். நாளைக்கு நகரத்துக்குத் திரும்புகிறேன். என்னால் பூட்டைத் திறக்க முடியவில்லை, மனாங்.

ஜினலின்


மடம்
ஜூன் 24

அன்புள்ள இந்தாய்,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மே மாதத்துக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

நேற்று மதர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்தார். பீன்ஸ் பறித்துக்கொண்டே பேசினார்.

“உன் தங்கச்சி நல்லா விளக்குறா. இந்த ரெண்டு மென்பொருள் சமாச்சாரம் எனக்கே புரிஞ்சுபோச்சு.”

நான் கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“மார்ச்லயே புரிஞ்சுபோச்சு. தவக்காலத்துல உன் கடிதத்தத் தபால்ல சேர்த்தது யாருன்னு நெனச்சே? வரவேற்புக்காரி தப்பா போட்டுட்டாள்னா?”

“அப்ப ஏன் மதர் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலே?”

“நீ எங்கிட்ட கேக்கலியே, மகளே. நீ பிளம்பரப் பத்தித்தான கேட்டே.”

அழுதேன். பறித்த பீன்ஸில் பாதி கீழே கொட்டிவிட்டது. அவர் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “இந்தக் கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். வெளியே இருந்து யாரும் உன்னைப் பூட்டல. அம்மாவுக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தி இங்க இருந்தா, அது ஆண்டவருக்கும் மரியாதை இல்ல, எங்களுக்கும் மரியாதை இல்ல.”

எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார். நான்தான் இன்னும் போகவில்லை. நானாய் வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவேன்? ஆறு வருடத்தில் எனக்கு வேறு இடம் எதுவும் மிச்சமில்லை. முக்காட்டை எடுத்தால் குட்டை முடியோடு ஒரு முப்பத்து நாலு வயதுக்காரி நிற்பாள். அவள் யாரென்று எனக்கே சரியாகத் தெரியாது.

அமாதா


திக்பாவான்
ஜூலை 16

அன்புள்ள மனாங்,

நானாய் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தையையும் மாற்றக்கூடாதாம், அவர் வைத்த உன் பழைய பெயர் உட்பட. நான் நகரத்திலிருந்து கொண்டுவந்த உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“மெர்லிதா, நல்லா இருக்கியா? நான் நல்லா இல்ல. ரத்த அழுத்தம் ஏறிக்கெடக்கு, அதுக்கு நீயும் உன் தங்கச்சியும்தான் காரணம். அத விடு. பாதர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அவர் காபி கொடுத்தாரு. கேப்டன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன். தச்ச சட்டைய என்ன பண்றதுன்னு கேட்டா. போட்டுக்கிட்டு வா, சாப்பாடு உண்டுன்னேன். மீன்காரி மறுபடி பேரம் பேச ஆரம்பிச்சிட்டா, நானும் விடல.

எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்னு கேட்டேன்ல, இதே மூஞ்சியத்தான் வச்சிக்கிட்டுப் போனேன். ஒண்ணும் ஆகல.

பன்றி பெருசாயிடுச்சு. நீ கன்னியாஸ்திரியா இல்லையான்னு அதுக்கு என்ன தெரியும்? பதினொண்ணாம் தேதிதான் வெட்டுறோம். ஜீப்புக்குச் சொன்னது சொன்னதுதான், அது மடத்து வாசலுக்கு வரும். அதுல நானும் இருப்பேன். மதருக்கு என் நமஸ்காரம் சொல்லு. முட்டை கொண்டு வரமாட்டேன்.”

அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கிறது.

ஜினலின்


திக்பாவான்
ஆகஸ்ட் 13

அன்புள்ள இந்தாய்,

சுகமா? நலம் என்று எழுதிவிடாதே, உண்மையைச் சொல்.

விருந்தன்று சாயங்காலமே நீ நகரத்துக்கு ஓடவேண்டியிருந்ததால் முழுக்கதையும் உனக்குத் தெரியாது. நீ போனதும் மழை பிடித்துக்கொண்டது. இலைகள் எல்லாம் மிதந்தன. கேப்டன் மனைவியின் சட்டை நனைந்து சாயம் போயிற்று. “ஆறு வருசமா வந்த முட்டையெல்லாம் நீயே உள்ள இருந்து தின்னுட்டே, அப்புறம் எப்படி மழை நிக்கும்?” என்று நானாய் எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் சிலர் இன்னும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாதையைக் கடந்து மறுபக்கமாகப் போய்விடுகிறார்கள். பழகிவிடும்.

காலையில் மணி அடிக்காமலே விழித்துக்கொள்கிறேன். எங்கே போவதென்று தெரியாமல் கொட்டகையில் போய் நிற்கிறேன். காலிக் கொட்டகை. நேற்று அங்கே நின்று ஜெபம் செய்தேன். நெடுநாளைக்குப் பிறகு வாய் மட்டுமில்லாமல் நானும் செய்தேன்.

நெல் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்க ஆள் கேட்டார்கள். திங்கள் முதல் போகிறேன். அங்கே எல்லாம் கையால்தான், எதுவும் எதனோடும் இணையவில்லை. நானாயின் மாத்திரையும் வீட்டுச் செலவும் அடுத்த மாதத்திலிருந்து என் பொறுப்பு. அவரிடம் சொல்லிவிட்டேன். “நீ சொல்லு அவகிட்ட, நான் சொன்னா சண்டை வரும்” என்றார். உன் மீன்வளப் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறார். கரையான் ஒன்றைத்தான் தின்றிருக்கிறது. மியாகாவில் சேர்க்கை எப்போது என்று அவர் யாரிடமோ விசாரித்ததும் எனக்குத் தெரியும்.

மே மாதம் நீ கேட்டாய், எதற்காக உட்கார்ந்தேன் என்று. எனக்குப் பதில் தெரியாது. அந்த நாற்காலியிலிருந்து ஓடினேனா, கடவுளிடம் ஓடினேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் உனக்கு எதிர்ப்பக்கம் நான்தான் என்று மட்டும் தெரிகிறது. இங்கே நான் பிடியை விட்டுவிட்டேன், இந்தாய்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் யாரும் படிக்கவில்லை. நானே ஒட்டி, நானே நடந்துபோய்த் தபாலில் போடப் போகிறேன். அதனால் பிளம்பரை இழுக்காமல் நேராகவே கேட்கிறேன். அங்கே இருக்க உனக்கு விருப்பமா, இல்லையா?

உன் அக்கா,
மெர்லிதா